சூடானா நின்னுபோற 96 மாடல் புல்லட் – இன்ஜின் இறக்கணுமா?

தாமிரபரணி_350 (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அப்பா வண்டி. 1996 புல்லட் 350, வார்ப்பிரும்பு இன்ஜின், வலது கால் கியர், பாயிண்ட் செட்டு (தீப்பொறிக்காக கரண்டை அறுத்து விடுற பழைய கால சுவிட்ச்), 12 வோல்ட். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து மூணு வருஷம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. ஆர்சி புதுப்பிக்கிற நேரம் வருது, அதுக்குள்ள ஓட்டத்துக்குக் கொண்டு வரணும்னு இறங்கியிருக்கேன்.

காலைல ரெண்டாவது கிக்ல எடுத்துக்கும். திருச்செந்தூர் ரோட்டுல ஜம்முனு போகும். செய்துங்கநல்லூர் நெருங்குறப்ப இழுவை குறையும், ஒரு இருமல், சைலன்சர்ல ஒரு வெடி, நின்னுரும். அப்புறம் தலைகீழா நின்னு கிக் அடிச்சாலும் எடுக்காது. ரோட்டோரமா ஒரு டீ குடிச்சிட்டு வந்து அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி 'டப் டப்'னு எடுக்குது. அஞ்சு கிலோமீட்டர்ல மறுபடி அதே கதை. போன வாரம் நாலு டீ குடிச்சேன்.

இதுவரைக்கும் பண்ணது: புது பிளக் ரெண்டு, கார்ப் (கார்புரேட்டர்) கழுவினது ரெண்டு தடவை, ஏர் ஃபில்டர், புது பெட்ரோல். இங்க ஒரு மெக்கானிக் கிட்ட காட்டினேன். வண்டியை ஸ்டார்ட் கூட பண்ணிப் பாக்காம "பிஸ்டன் சூட்டுல பிடிக்குது, இன்ஜின் இறக்கணும், 18 ஆயிரம் ஆகும்"னுட்டார். கையில ஓரளவு டூல்ஸ் இருக்கு. ஞாயித்துக்கிழமை முழுசா இருக்கு. நானே பாக்கலாமா, இல்ல இறக்கத்தான் வேணுமா?

---

கிக்கர்_மதுரை

இறக்காத பங்காளி. பாயிண்ட், கண்டன்சர் எல்லாத்தையும் கழட்டித் தூரப் போட்டுட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டு. சோலி முடிஞ்சது. இந்தக் காலத்துல எவன் பாயிண்ட்டத் தேய்ச்சுக்கிட்டு இருப்பான்?

---

ரெண்டு_ஸ்ட்ரோக்

ஆர்எக்ஸ் 100 வாங்குங்க. சூடானாதான் அது ஓடவே ஆரம்பிக்கும் 😄

---

பழைய_இரும்பு (சென்னை)

தம்பி, முதல்ல ஒரு கேள்வி. வண்டி நின்ன அந்த நிமிஷத்துல நீங்க என்ன பாத்தீங்க?

நீங்க எழுதினதுல அது இல்ல. பிளக் மாத்தினது வீட்டுல, கார்ப் கழுவினது வீட்டுல, எல்லாம் இன்ஜின் ஆறினப்புறம். இந்த வியாதி சூட்டுல வருது, ஆறினா ஒளிஞ்சுக்குது. ஆறின வண்டியைப் பிரிச்சா கையில கரிதான் மிஞ்சும். செய்துங்கநல்லூர்ல ரோட்டோரத்துலதான் இதுக்கு விடை இருக்கு.

பிஸ்டன் பிடிச்சா கிக்கர் கல்லு மாதிரி நிக்கும், இல்லேன்னா இறுக்கமா இறங்கும். உங்களுக்கு கிக்கர் சாதாரணமா இறங்குதுல்ல? அப்ப 18 ஆயிரத்தை பேங்க்லயே வச்சுக்குங்க.

ஓடுற இன்ஜின் நிக்கணும்னா பெட்ரோல் வரல, தீப்பொறி வரல, இல்ல சிலிண்டருக்குள்ள காத்து அடைச்சு நிக்கல (கம்ப்ரெஷன்). இந்த மூணுல ஒண்ணுதான். அடுத்த தடவை நின்ன உடனே, டீக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி, இதே வரிசையில பாருங்க:

முதல்ல டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்'னு காத்து உள்ள இழுக்குற சத்தம் வருதான்னு காதை வச்சுக் கேளுங்க. மூடியில ஒரு சின்ன மூச்சுத்துளை உண்டு. மூணு வருஷம் கிடந்த வண்டில அது துரு, தூசி, குளவிக்கூடுன்னு எதுலயாவது அடைச்சிருக்கும். பெட்ரோல் குறையக் குறைய டேங்க் உள்ள வெற்றிடம் ஆகும், பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்ல பெட்ரோல் இறங்கவே இறங்காது. கொஞ்ச நேரம் நின்னா கசிஞ்சு காத்து உள்ள போயிடும், வண்டி எடுத்துக்கும். உங்க டீக்கதை இதுக்கு அப்படியே பொருந்துது.

அது இல்லேன்னா கார்ப் பக்கம் பெட்ரோல் ட்யூபைக் கழட்டி ஒரு வாட்டர் பாட்டில்ல விட்டு, மூடியைப் போட்டுக்கிட்டே பெட்ரோல் டேப்பைத் திறங்க. ஒரு நிமிஷம் நூல் அறாம ஊத்தணும். சொட்டுச் சொட்டா வந்தா டேப் ஃபில்டர் அடைப்பு. இன்ஜின் கொதிச்சுக்கிட்டு இருக்கும், ஒரு சொட்டு கூட சைலன்சர் மேல விழக்கூடாது. பாட்டிலை மூடி தூரமா வச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க.

பிளக்கைக் கழட்டி (கையுறை வேணும், சுட்டுடும்) கேப்ல மாட்டி, பிளக் உடம்பு ஹெட்டுல படுற மாதிரி வச்சு, சாவியைப் போட்டு கிக் அடிங்க. தீப்பொறி நீலமா, கொழுப்பா, 'டிக் டிக்'னு சத்தத்தோட குதிக்கணும். மஞ்சளா, ஒல்லியா, விட்டு விட்டு வந்தா அங்கதான் நோய்.

எதையும் மாத்தாதீங்க, வாங்காதீங்க. பாத்ததை மட்டும் வந்து எழுதுங்க.

---

ஸ்பேனர்_அக்கா (திருச்சி)

இரும்பு சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க தம்பி. மூணாவது, காத்து அடைச்சு நிக்காதது. அதுக்கு டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) இறுக்கமும் ஒரு காரணம். டேப்பட்டை ரொம்ப டைட்டா வச்சுட்டா சூட்டுல வால்வு முழுசா உக்காராது, கம்ப்ரெஷன் போயிடும், வண்டி நிக்கும், ஆறினா எடுக்கும். எங்கப்பா புல்லட்டை நான் எடுத்து ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல இதே பாடுதான் பட்டேன். சத்தம் வராம இருக்கட்டும்னு ஒருத்தர் நல்லா முறுக்கி விட்டுட்டார்.

நின்ன உடனே கிக்கரை கையால அழுத்திப் பாருங்க. காலைல இருக்குற அதே எதிர்ப்பு இருக்கணும். பஞ்சுல அழுத்துற மாதிரி இறங்கினா டேப்பட்டைப் பாக்கணும்.

அப்புறம், மூணு வருஷம் கழிச்சு முதல்ல எடுத்தப்ப புகை வந்துதா?

---

தாமிரபரணி_350

அக்கா, தெருவே தெரியாம புகை வந்துச்சு! பக்கத்து வீட்டு ஆச்சி வெளிய ஓடி வந்து "என்னல எரியுது"ன்னாங்க. பத்து நிமிஷத்துல தானா நின்னுட்டு. பிஸ்டன் ரிங் போச்சுன்னு அதுக்கும் சேத்துத்தான் மெக்கானிக் 18 சொன்னாரு.

---

ஸ்பேனர்_அக்கா (திருச்சி)

ரிங் எல்லாம் ஒண்ணும் போகல. இந்த இன்ஜின்ல ஆயில் டேங்க் தனி அறையில இருக்கு, பம்ப்தான் ஏத்தி இறக்குது. மாசக்கணக்குல நின்னா ஆயில் மெதுவா கசிஞ்சு கிராங்க் பக்கம் இறங்கிடும். ஸ்டார்ட் பண்ணினதும் அது எரிஞ்சு புகையா வரும், பம்ப் மிச்சத்தை இழுத்து டேங்க்குக்கு அனுப்பினதும் நின்னுடும். இதனாலதான் நிறுத்தி வச்ச புல்லட்ல டிப் ஸ்டிக்கைப் பாத்துட்டு ஆயில் கம்மின்னு மேல ஊத்தக்கூடாது. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் பாக்கணும். நீங்க ஊத்தலதானே?

---

தாமிரபரணி_350

அரை லிட்டர் ஊத்திட்டேன் 🙈

---

ஸ்பேனர்_அக்கா (திருச்சி)

சரி, ஆயிலை இறக்கிடுங்க. பழைய ஆயில்தானே, மொத்தமா மாத்திடுங்க. 20டபிள்யூ50 போதும், கூடின விலைக்கு சிந்தெடிக் எல்லாம் இதுக்குத் தேவையே இல்ல. ஃபில்டரையும் மாத்துங்க. கிளட்ச் பக்கம் செயின் கேஸ் ஆயில் தனி, கியர் பாக்ஸ் தனி, மறந்துடாதீங்க.

---

தாமிரபரணி_350

ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன். ஆயில் மாத்தியாச்சு.

அதே இடம், அதே இருமல். நின்ன உடனே மூடியைத் திறந்தேன். அண்ணாச்சி, பிரஷர் குக்கர் வெயிட் தூக்குன மாதிரி 'உஸ்ஸ்ஸ்'! மூடியை லூசா வச்சுட்டு அடிச்சேன், மூணாவது கிக்ல எடுத்துட்டு. வீட்டுக்கு வந்து மூடியைப் பிரிச்சா துளை முழுக்க செம்மண்ணு மாதிரி துரு. ஒத்தை ஒயர் இழையை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, ஊதிப் பாத்தேன், காத்து போகுது.

18 ஆயிரம் மிச்சம். எல்லாருக்கும் நன்றி. இந்தப் பதிவை இதோட முடிச்சுக்கலாம்!

---

பழைய_இரும்பு (சென்னை)

சந்தோஷம். ஆனா பதிவை இன்னும் முடிக்காதீங்க. மூணாவது கிக்ல எடுத்துதுன்னு எழுதியிருக்கீங்க. பெட்ரோல் மட்டும்தான் குறைன்னா மூடி திறந்து கொஞ்சம் விட்டதும் முதல் கிக்லயே எடுத்திருக்கணும். தீப்பொறியையும் பாத்தீங்களா?

---

தாமிரபரணி_350

இல்லண்ணே. எடுத்த சந்தோஷத்துல ஓட்டிட்டு வந்துட்டேன்.

---

பழைய_இரும்பு (சென்னை)

அதான்.

---

தாமிரபரணி_350

நாலு நாள் கழிச்சு எழுதுறேன். இரும்பு அண்ணன் வாய்க்கு சர்க்கரை போடணுமா, வேப்பிலை போடணுமான்னு தெரியல.

இந்தத் தடவை செய்துங்கநல்லூர் தாண்டிட்டு. கருங்குளம் கிட்ட நின்னுட்டு. மூடியைத் திறந்தேன், சத்தம் இல்ல. ட்யூபைக் கழட்டினேன், பெட்ரோல் நல்லா ஊத்துது. கிக்கரை அழுத்தினா காலைல மாதிரியே கெட்டியா இருக்கு. பிளக்கை ஹெட்டுல வச்சு அடிச்சேன். சாயங்காலம் ஆறரை, வெளிச்சம் மங்கின நேரம், நல்லாத் தெரிஞ்சது. மஞ்சளா, முடி மாதிரி ஒரு பொறி, மூணு கிக்குக்கு ஒண்ணு. இருபது நிமிஷம் கழிச்சு அதே பிளக்ல அடிச்சேன், நீலமா வருது.

அப்ப காயிலா, கண்டன்சரா?

---

கோவை_லேத்து

வணக்கமுங்க. முக்கால்வாசி கண்டன்சருங்க. காயிலும் சூட்டுல படுக்கும், இல்லீங்கல. ஆனா கண்டன்சர் விலை கம்மி, சந்தேகமும் அது மேலதான் மொதல்ல போகோணும்.

அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா கண்டுபிடிக்கிறது சுலபமுங்க. நம்ம போர்வெல் மோட்டார் ஓடீட்டு இருக்கும்போது வால்வைப் படக்குன்னு மூடினா பைப்பு 'டங்'குன்னு ஒரு அடி அடிக்கும் பாருங்க, ஓடுற தண்ணியைத் திடீர்னு நிறுத்தினா அப்படி. காயில்ல கரண்டு ஓடீட்டு இருக்கு, பாயிண்ட் திறந்து அதைப் படக்குன்னு அறுக்குது, அந்த அடிலதான் பிளக்குக்கு ஆயிரக்கணக்குல வோல்ட் கெடைக்குது. ஆனா பாயிண்ட் திறக்கறப்ப கரண்டு சும்மா விடாதுங்க, அந்த இடுக்குல தாண்டிக் குதிக்கப் பாக்கும். குதிச்சா வால்வை மெதுவா மூடின மாதிரி ஆயிரும், அடி இருக்காது. அந்தக் குதிக்கிற கரண்டை ஒரு கணம் வாங்கி வச்சுக்கறதுதான் கண்டன்சர் வேலை. அது செத்தா பிளக்ல வர வேண்டிய நெருப்பு பாயிண்ட்ல வரும்.

அதனால இருட்டுல பாருங்க. சூடான வண்டியை ராத்திரி ஷெட்டுல லைட் அணைச்சுட்டு ஓடவுட்டு, பாயிண்ட் மூடியைத் தொறந்து பாருங்க. லேசா ஒரு பொட்டு மின்னினா சரி. வெல்டிங் வச்ச மாதிரி நீலமா பளீர் பளீர்னு அடிச்சா கண்டன்சர் போச்சுங்க. பாயிண்ட் முகத்துலயும் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு இருக்கும்.

---

தாமிரபரணி_350

பாத்துட்டேன் கோவை அண்ணே. நீங்க சொன்ன அதே வெல்டிங்! பாயிண்ட் ஒரு பக்கம் குட்டிக் கொப்பரை மாதிரி குழி.

இன்னொரு சோதனையும் பண்ணேன். மல்டிமீட்டர்ல கண்டன்சர் அளக்குற இடம் இருக்கு. கழட்டி அளந்தேன், ஆறினப்ப 0.21 மைக்ரோஃபாரட். வீட்டுல எங்க அக்காவோட ஹேர் டிரையரை நாலு நிமிஷம் பிடிச்சேன். 0.21, 0.19, அப்புறம் நம்பர் அங்கயும் இங்கயும் ஓடி, பொட்டுனு பூஜ்யத்துக்குப் போயிட்டு. மேசை மேல வச்சு ஃபேனைப் போட்டேன். பத்து நிமிஷத்துல திரும்ப 0.21. செய்துங்கநல்லூர் டீயே மேசைக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

---

கோவை_லேத்து

ஹேர் டிரையர் ஐடியா நான் திருடிக்கறனுங்க.

---

கிக்கர்_மதுரை

நான் முதல் நாளே சொன்னேன், பாயிண்ட் செட்டைத் தூக்கு, சோலி முடியும்னு. இப்ப ரெண்டு வாரம் ஆச்சு.

---

பழைய_இரும்பு (சென்னை)

மதுரை, நீங்க சொன்னபடி மாட்டியிருந்தாலும் டேங்க் மூடி அடைச்சிருந்த வண்டி செய்துங்கநல்லூர்ல நின்னுருக்கும். அப்புறம் புது யூனிட்டைக் குறை சொல்லிக்கிட்டு அலைஞ்சிருப்பார். ஒரே நேரத்துல ரெண்டு வியாதி, ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு இருந்துது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் கெட்டதுன்னு நான் சொல்லல. பின்னால வந்த புல்லட் எலக்ட்ராவுல கம்பெனியே பாயிண்ட்டை எடுத்துடுச்சு. ஆனா பாயிண்ட் ரோட்டுல படுத்தா ஒரு திருப்புளி, ஒரு துண்டு உப்புத்தாள் போதும், வீட்டுக்கு வந்துடலாம். அந்தக் கறுப்புப் பெட்டி படுத்தா ட்ரை சைக்கிள்தான் பிடிக்கணும்.

தம்பி, கண்டன்சரோட புது பாயிண்ட் செட்டும் போட்டுடுங்க. குழி விழுந்ததைத் தேய்ச்சா ஒரு மாசம் ஓடும், அவ்வளவுதான். அதோட மொத்தமா ட்யூன் பண்ணிடுங்க. வரிசை முக்கியம்: டேப்பட், பாயிண்ட் இடைவெளி, டைமிங் (தீப்பொறி விழுற நேரம்), கடைசியில கார்ப். நிறைய பேர் தலைகீழா, கார்ப் ஸ்க்ரூவுலதான் கையை வைப்பாங்க. ஏன்னா அது வெளிய இருக்கு, திருப்ப சுலபம்.

டேப்பட்: ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்ல, காலைல. பிளக்கைக் கழட்டி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாலாவது கியர்ல பின்சக்கரத்தைத் திருப்பினா பிஸ்டன் சொன்னபடி கேக்கும். பிளக் துளையில கட்டை விரலை வைங்க. காத்து விரலைத் தள்ளும்போது கம்ப்ரெஷன், அதுக்கு மேல பிஸ்டன் உச்சி. வலது பக்கம் டேப்பட் மூடி ஒத்தை நட்டுதான். இந்த இன்ஜினுக்கு இடைவெளி பூஜ்யம். ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல் போதும். புஷ் ராடை (டேப்பட்டுக்கு மேல நின்னு வால்வைத் தள்ளுற கம்பி) ரெண்டு விரலால உருட்டினா தங்குதடையில்லாம சுத்தணும், மேலும் கீழும் அசைச்சா ஆட்டம் இருக்கக்கூடாது. செக் நட்டை இறுக்கினப்புறம் திரும்ப உருட்டிப் பாக்கணும், இறுக்குறப்ப மாறிடும். சந்தேகம்னா லூஸ் பக்கம் நிக்கட்டும். சத்தம் போடுற டேப்பட் வால்வை எரிக்காது.

ஸ்பேனர் விஷயத்துல ஜாக்கிரதை. இங்கிலாந்துல ரெட்டிச்ல வரைஞ்ச வண்டி, 1955ல மெட்ராஸுக்கு வந்து திருவொற்றியூர்ல வளந்தது. நட்டுல பாதி இஞ்ச் கணக்கு, பாதி மில்லிமீட்டர். சரியா உக்காராத ஸ்பேனரைப் போட்டு முனை மழுங்க வச்சிடாதீங்க. ஸ்க்ரூ ஸ்பேனர் பக்கமே போகாதீங்க.

பாயிண்ட்: கேம் முனை பாயிண்ட்டை முழுசா திறந்த இடத்துல நிறுத்தி, இடைவெளி 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். பழைய ஆளுங்க சொல்ற 'பதினஞ்சு தௌ' (தௌன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இதான். புது பாயிண்ட் முகத்துல எண்ணெய்ப் படலம் இருக்கும், பெட்ரோல் தொட்ட துணியால துடைச்சிட்டுப் போடுங்க. கேம் மேல ஒரு பொட்டு கிரீஸ், நெல்லளவுக்கு மேல வேண்டாம். கிரீஸ் இல்லேன்னா பாயிண்ட்டோட குதிகால் தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் தானா பின்னால போகும். இதனாலதான் பாயிண்ட்டை வைக்காம டைமிங்கைத் தொடக்கூடாது.

டைமிங்: பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழ இருக்கும்போது, ஏறுற வழியில, பாயிண்ட் திறக்கணும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை பிளக் துளையில விட்டு உச்சியைப் பிடிச்சு, ஒரு கோடு போட்டு, சக்கரத்தைப் பின்னால திருப்பி, மறுபடி முன்னால கொண்டு வந்து 0.8ல நிறுத்துங்க. முன்னால கொண்டு வந்துதான் நிறுத்தணும், இல்லேன்னா பல்சக்கர ஆட்டம் உங்களை ஏமாத்தும். துளை சாய்வா இருக்கு, அதனால கம்பி அளவு கறாரா இருக்காது, ஆனா வீட்டுக்கு இது போதும்.

பாயிண்ட் எப்பத் திறக்குதுன்னு பாக்க லைட்டு, மீட்டர் எதுவும் வேண்டாம். சாவியைப் போடுங்க, ஹெட்லைட்டை அணைங்க, ஆம்பியர் முள்ளை (கரண்ட் போறதைக் காட்டுறது) பாருங்க. பாயிண்ட் மூடியிருந்தா முள் இடது பக்கம் சாஞ்சிருக்கும், திறந்த அந்த நொடி நடுவுக்குத் துள்ளும். 0.8ல அது துள்ளுற வரைக்கும் பாயிண்ட் அசெம்பிளியை மயிரிழை மயிரிழையா திருப்பி இறுக்குங்க. முடிஞ்சதும் சாவியை எடுங்க. பாயிண்ட் மூடின நிலையில சாவி போட்டபடியே விட்டுட்டு சாப்பிடப் போனா காயில் வெந்துடும்.

கார்ப் பத்தி சனிக்கிழமை எழுதறேன். இப்ப எழுதினா முதல்ல அதைத்தான் பண்ணுவீங்க.

---

சும்மா_வந்தவன்

இடையில கேக்குறேன், மன்னிக்கணும். இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த மாதிரி பழைய வண்டிக்கு ஆகுமா? என் 92 புல்லட்ல பெட்ரோல் ட்யூப் கல்லு மாதிரி ஆகி வெடிச்சுட்டு.

---

ஸ்பேனர்_அக்கா (திருச்சி)

ஓடும். ஆனா கண்ணு வச்சுக்கணும். ட்யூப், கார்ப் ரப்பர், மூடி வாஷர் எல்லாம் எத்தனாலைத் தாங்கறதா பாத்து மாத்திடுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா கார்ப்பைக் காலி பண்ணிடுங்க. எத்தனாலுக்குக் காத்து கம்மியாப் போதும். பழைய ஜெட்டிங் (கார்ப்ல பெட்ரோல் விடுற அளவு) அப்படியே இருந்தா கலவை கொஞ்சம் மெலிஞ்சு ஓடும். பிளக் வெளுத்திருந்தா கார்ப் ஊசியோட கிளிப்பை ஒரு பள்ளம் கீழ இறக்குங்க. கிளிப் கீழ போனா ஊசி மேல நிக்கும், பெட்ரோல் கூடும். எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

---

கிக்கர்_மதுரை

டைமிங்குக்கு ஸ்போக்ஸ் கம்பி, கோடு, கணக்கு எல்லாம் எதுக்கு? எங்க ஊர்ல ஒரு பெரியவர் காதுலயே வைப்பார். கொஞ்சம் பின்னால தள்ளிட்டா பீட்டு இருக்கே, 'டுக்... டுக்... டுக்...' ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு வாய் காபி குடிச்சிடலாம்.

---

பழைய_இரும்பு (சென்னை)

அந்தக் காபிதான் எத்தனையோ இன்ஜினைக் குடிச்சது.

பெரியவர் காதை நான் குறை சொல்லல. நாப்பது வருஷம் கேட்ட காது, அவர் கை வச்சா 0.8லதான் வந்து நிக்கும். ஆனா பீட்டுக்காக வேணும்னே பின்னால தள்ளுறது வேற விஷயம். தீ லேட்டாப் பத்தினா எரிஞ்சு முடியாத சூடு சைலன்சர் வழியா போகுது. பைப் கழுத்து நீலமா மாறும், எக்ஸாஸ்ட் வால்வு வேகும், மைலேஜ் படுக்கும். போதாததுக்கு ஐடிலையும் (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம்) கீழ இறக்குவாங்க. ஆயில் பம்ப்பை ஓட்டுறதே இன்ஜின்தான். அது ஆடி ஆடி நடந்தா பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடோட கீழ் பேரிங்) ஆயில் எங்கருந்து போகும்? மெதுவா ஓடினா வண்டிக்கு ஓய்வுன்னு நினைக்கிறாங்க.

முன்னால தள்ளினா என்ன ஆகும்னு உங்க கணுக்காலைக் கேளுங்க.

---

கிக்கர்_மதுரை

கணுக்காலைப் பத்திப் பேசாதீங்கண்ணே. 2019ல கிக்கர் ரிவர்ஸ் அடிச்சது, மழைக்காலத்துல இன்னைக்கும் வலிக்குது 😂 சரி, 0.8ஏ இருக்கட்டும்.

---

தாமிரபரணி_350

டேப்பட், பாயிண்ட், டைமிங் மூணும் ஆச்சு. ரெண்டு புஷ் ராடும் சரியாத்தான் இருந்துச்சு, தொடல. பாயிண்ட் இடைவெளி கேஜ் உள்ளயே போகாத அளவுக்கு சுருங்கிக் கிடந்தது. ஆம்பியர் முள் துள்ளினதை முதல் தடவை பாத்தப்ப அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க சேர்ல இருந்தபடியே "அது தெரியாமலா இருபது வருஷம் ஓட்டுனேன்"ன்னுட்டாங்க.

ஆனா கெட்ட சேதி. புது கண்டன்சர் எட்டே நாள். அதே மஞ்சள் பொறி, அதே டீ. ஹேர் டிரையர்ல இது ரெண்டே நிமிஷத்துல பூஜ்யம். கடைக்காரர் "எலக்ட்ரிகல் ஐட்டம் திரும்ப எடுக்க மாட்டோம்"ங்கறாரு.

---

கோவை_லேத்து

எதிர்பார்த்தனுங்க. இப்ப வர்ற ஸ்பேர்ல இதுதான் ரோதனை. அது உக்காந்திருக்கற எடமும் சரியில்ல, இன்ஜின் சூடு நேரா அடிக்குது.

கண்டன்சர் பாயிண்ட் பக்கத்துலதான் இருக்கோணும்னு சட்டமில்லீங்க. ஒரு முனை பாயிண்ட் ஒயர் போய்ச் சேர்ற காயில் முனையில, அதோட உடம்பு ஃபிரேம்ல எர்த். அவ்வளவுதான். அதனால பழைய காருக்குப் போடற கண்டன்சர் ஒண்ணு வாங்கிக்குங்க, அளந்தா கிட்டத்தட்ட அதே 0.2 சுத்திதான் இருக்கும். டேங்குக்கு அடியில காயில் பக்கத்துல காத்துபடற எடமாப் பாத்து, பெயின்ட்டைச் சொரண்டிட்டு போல்ட் போட்டு முறுக்குங்க. உள்ள இருக்கற பழசைக் கழட்டிருங்க, ரெண்டும் சேந்து இருக்கக்கூடாது. நான் 2011ல எனக்குப் போட்டது, இன்னும் தொடலீங்க.

---

பழைய_இரும்பு (சென்னை)

கோவை சொன்னதைக் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி ஹேர் டிரையர் பரீட்சை வைங்க.

இப்ப கார்ப். பத்து கிலோமீட்டர் ஓட்டி சூடானப்புறம்தான் தொடணும். பக்கவாட்டுல இருக்குற ஏர் ஸ்க்ரூவை மெதுவா, முறுக்காம, முழுசா உள்ள கொண்டு போய், அங்கிருந்து ஒன்றரை சுத்து வெளிய எடுங்க. ஐடில் ஸ்க்ரூவால கொஞ்சம் கூட்டி வச்சுக்கிட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. இன்ஜின் வேகமா, சீரா ஓடுற இடம் ஒண்ணு வரும். அங்க விட்டுட்டு ஐடிலைக் குறைங்க, ரொம்பக் குறைக்காம. அப்புறம் நல்ல வேகத்துல ஒரு ஓட்டம் ஓட்டி, கிளட்சைப் பிடிச்சு சாவியை அணைச்சு ஓரமா நிறுத்தி, பிளக்கைப் பாருங்க. பீங்கான் பிஸ்கட் நிறத்துல இருந்தா கையை எடுத்துடுங்க. கறுப்புக் கரின்னா பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு வெள்ளைன்னா கம்மி.

ஒரு நாளைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்தினதை ஒரு நோட்டுல எழுதி வைங்க.

---

தாமிரபரணி_350

பன்னெண்டு நாள் ஆச்சு, அவசரப்பட்டு எழுதக்கூடாதுன்னு இருந்தேன்.

கார் கண்டன்சர் மூணு வாங்கினேன். கடையிலயே மல்டிமீட்டரை எடுத்தேன், பையன் ஒரு மாதிரி பாத்தான். வீட்டுல டிரையர் பரீட்சைல ஒண்ணு ஃபெயில், ரெண்டு பாஸ். ஒண்ணை காயில் பக்கத்துல போட்டேன், இன்னொண்ணு டூல் பாக்ஸ்ல.

முதல்ல கருங்குளம் போய்த் திரும்பினேன். அடுத்து ஸ்ரீவைகுண்டம். நேத்து திருச்செந்தூர் போயிட்டு, கடல்ல கால் நனைச்சிட்டு, உச்சி வெயில்ல திரும்பினேன். செய்துங்கநல்லூர்ல பழக்க தோஷத்துல கையே கிளட்சைப் பிடிச்சுட்டு, வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. திரும்ப வந்து டீ குடிச்சேன். கடைக்காரர் "இன்னைக்கு என்ன ரிப்பேரு"ன்னாரு.

பிளக் பிஸ்கட் நிறம். ராத்திரி பாயிண்ட்டைப் பாத்தேன், மினுக்குன்னு ஒரு பொட்டு மட்டும். மொத்தச் செலவு, ஆயில், கெட்டுப் போன கண்டன்சர் எல்லாம் சேத்து, ரெண்டாயிரத்துக்குள்ள.

வண்டிக்கு அடியில மட்டும் தினம் காலைல ஒரு ரூபா அளவுக்கு ஆயில் பொட்டு. கிளட்ச் பக்கம்.

---

ஸ்பேனர்_அக்கா (திருச்சி)

செயின் கேஸ் ரப்பர் சீலா இருக்கும். மூடியோட நடு நட்டை ரொம்ப முறுக்கினா இன்னும் கசியும், அளவா இறுக்குங்க. புது சீல் போடறப்ப அந்தப் பள்ளத்தைச் சுத்தமா சுரண்டி எடுத்துட்டுப் போடுங்க. அதுவரைக்கும் அடியில ஒரு அட்டை.

---

சும்மா_வந்தவன்

ஆர்சி புதுப்பிக்கப் போறப்ப ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூணையும் முந்தின நாளே பாத்துக்கோங்க. எனக்கு இன்ஜின், பிரேக், சேஸிஸ் நம்பர் எல்லாம் சரியா இருந்து, ஹாரன் அடிக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

---

தாமிரபரணி_350

இப்பதான் போய் அமுக்கிப் பாத்தேன். அடிக்கல.